வழி யாருக்கு? பகிர்வுப் பாதைச் சந்திப்புகளும் சைக்கிள்காரரின் கடமையும்

நடப்பவர், ஓடுபவர், சைக்கிளில் வருபவர் எல்லோருக்கும் பொதுவான ஒரு பாதை, வாகனச் சாலையைக் குறுக்கே கடக்கும் இடத்தில் யார் யாருக்கு வழிவிட வேண்டும்? கடந்த ஐம்பது ஆண்டுகளில் இதற்குச் சட்டம் இயற்றுபவர்கள் ஒரு பதில் சொன்னார்கள். சாலைப் பொறியாளர்கள் இன்னொன்று சொன்னார்கள். சைக்கிள் சங்கங்கள் தங்களுக்குள்ளேயே இரண்டு மூன்று பதில்களாகப் பிரிந்து நின்றன. இந்தப் பதில்கள் வெவ்வேறு ஊர்களில் தனித்தனியே நடைமுறையில் இருந்தால் சிக்கல் இல்லை. ஒரே சந்திப்பில், ஒரே பலகையின் அடியில், ஒரே நேரத்தில் அவை செயல்படுகின்றன.

தொடங்கும் முன் ஒரு பிரிவினையைச் செய்துகொள்வது நல்லது. பாதை சாலையைச் சந்திக்கும் இடம் ஒன்று. பாதைக்குள்ளேயே சைக்கிள்காரர் நடப்பவர்களின் குறுக்கே வரும் இடம் மற்றொன்று. முதலாவதில் சைக்கிள்காரர் எளியவர், இரண்டாவதில் வலியவர். 'சைக்கிள்காரர்களுக்கு நாகரிகம் தெரியவில்லை' என்று பொதுவாகச் சொல்லப்படும் புகார்களில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றன.

கைவிடப்பட்ட தண்டவாளங்கள்

இன்றைய புகழ்பெற்ற பகிர்வுப் பாதைகளில் பல, பழைய ரயில் தடங்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உள்ள பர்க்-கில்மன் பாதை, தாமஸ் பர்க், டேனியல் கில்மன் ஆகியோர் 1885இல் தொடங்கிய ரயில் நிறுவனத்தின் தடத்தில் அமைந்தது. 1971இல் பர்லிங்டன் நார்தர்ன் நிறுவனம் அந்தத் தடத்தைக் கைவிட்டது. 1978இல் அது பொதுப் பாதையாகத் திறக்கப்பட்டது. இங்கிலாந்தில் 1977இல் பிரிஸ்டலில் தோன்றிய சைக்கிள்பேக் என்ற குழு (பிற்காலத்தில் சஸ்ட்ரான்ஸ்), பிரிஸ்டலுக்கும் பாத்துக்கும் இடையில் கிடந்த ரயில் தடத்தை 1979 முதல் 1986 வரை பாதையாக மாற்றியது. வாஷிங்டன் டி.சி.க்கு அருகில் வர்ஜீனியாவில் 45 மைல் நீளும் டபிள்யூ அண்டு ஓடி பாதையும், 2011இல் மலேசிய ரயில் சேவை விலகிய பிறகு சிங்கப்பூருக்குக் கிடைத்த 24 கிலோமீட்டர் ரயில் பாதை வழித்தடமும் இதே வகையைச் சேர்ந்தவை.

இந்த வரலாற்றில் ஒரு தலைகீழ் மாற்றம் இருக்கிறது. ரயில் ஓடிய காலத்தில் தடத்துக்கே முன்னுரிமை. கேட் இறங்கும், சாலை காத்திருக்கும். தண்டவாளத்தைப் பெயர்த்து தார் போட்ட பிறகு, அதே இடத்தில் காத்திருக்க வேண்டியது தடத்தின் முறையாயிற்று. வடிவம் மாறவில்லை, நீண்ட, நேரான, ஏற்ற இறக்கம் குறைந்த வழி என்பதால் சைக்கிள் இயல்பாகவே வேகம் பிடிக்கும். உலாவுவதற்காகத் திறந்துவிடப்பட்ட பாதைகள் சில ஆண்டுகளில் வேலைக்குப் போகிறவர்களின் வழியாகவும் ஆயின. சுமார் மூன்று மீட்டர் அகலத்தில் தள்ளுவண்டிக் குழந்தையும், கைத்தடி ஊன்றிய முதியவரும், மணிக்கு 25 கிலோமீட்டரில் வருபவரும் சேர்ந்து இருக்க வேண்டிய நிலை அப்படித்தான் உருவானது.

வண்டியா, ஆளா?

முதல் வகைப் பதில் சட்டத்திலிருந்து வருவது. சைக்கிள் ஓட்டுபவரை ஓட்டுநராகக் கொள்வதா, பாதசாரியாகக் கொள்வதா என்பதில் சட்டங்கள் ஒருமுகமாக இல்லை.

ஜெர்மனியில் ஜீப்ரா கோட்டின் மீது சைக்கிளை ஓட்டிக்கொண்டு கடப்பவருக்கு முன்னுரிமை கிடையாது. இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் உண்டு. வாஷிங்டன் மாநிலத்தில் நிலை நேரெதிர். அங்கே கோட்டில் இருக்கும் சைக்கிள்காரருக்குப் பாதசாரியின் உரிமைகளும் கடமைகளும் உண்டு. அவர் கடக்கும்போது கார் நின்றாக வேண்டும். அதே சட்டம், நிறுத்த முடியாத அளவுக்கு அருகில் வந்துவிட்ட வாகனத்தின் முன்னால் திடீரென்று பாயக்கூடாது என்றும் சொல்கிறது. பாதையின் முனையில் 'நில்' பலகை வேறு. ஆக, கார் ஓட்டுபவர் வழிவிடக் கடமைப்பட்டவர், கார் வரும்போது சைக்கிள்காரரும் வழிவிடக் கடமைப்பட்டவர். இரண்டு பேருமே சட்டத்தைச் சரியாகப் படித்திருந்தால் இருவரும் நின்றுகொண்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தவறாகப் படித்திருந்தால் இருவரும் ஒரே நேரத்தில் புறப்படுவார்கள்.

ஓட்டுநர் என்ற நிலைப்பாட்டை மிகத் தீவிரமாக முன்வைத்தவர் ஜான் ஃபாரஸ்டர். 1976இல் வெளிவந்த அவருடைய 'எஃபெக்டிவ் சைக்கிளிங்', சைக்கிள்காரர் வண்டி ஓட்டுபவராக நடந்துகொண்டு, அப்படியே நடத்தப்படும்போதுதான் பாதுகாப்பாக இருக்கிறார் என்று வாதிட்டது. சாலையோரப் பாதைகளை அவர் எதிர்த்ததற்கு முக்கியக் காரணமே சந்திப்புகள்தாம்: கார்காரர் எதிர்பார்க்காத திசையிலிருந்து, எதிர்பார்க்காத வேகத்தில் சைக்கிள் வந்து முளைக்கும் என்றார். இந்தக் கணிப்பில் உண்மை இருந்தது. ஆனால் அவர் சொன்ன தீர்வு, நெரிசல் சாலையில் கார்களோடு கார்களாக ஓட்டத் துணிந்தவர்களுக்கு மட்டுமே பொருந்தியது. பிள்ளைகளும் முதியவர்களும் அவருடைய கணக்கில் வரவேயில்லை என்ற விமர்சனத்துக்கு அவர் தரப்பில் திருப்தியான பதில் கிடைத்ததாகச் சொல்ல முடியாது.

பிரிட்டனில் 2020இல் வெளியான அரசின் சைக்கிள் கட்டமைப்பு வழிகாட்டி வேறொரு கோணத்திலிருந்து இதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. சைக்கிளை வாகனமாகவே கருத வேண்டும், பாதசாரியாக அல்ல என்பது அதன் அடிப்படைக் கோட்பாடுகளில் ஒன்று. ஆனால் ஃபாரஸ்டரைப் போல அது பாதைகளை ஒதுக்கவில்லை. நகரங்களில் நடப்பவரிடமிருந்து சைக்கிளைப் பிரித்துத் தனித்தடம் கொடுக்கச் சொன்னது.

'நில்' பலகையின் நம்பகம்

பொறியாளர்களின் பதில் பலகை. சாலைக்கு முன்னுரிமை, பாதைக்கு 'நில்' என்பது அமெரிக்காவில் நெடுங்காலம் கேள்வியின்றி நடந்த பழக்கம். நாளைக்குச் சில கார்கள் மட்டும் போகும் வீட்டுச் சந்துகளின் குறுக்கேயும், ஒரு தனியார் வாகன நிறுத்தத்தின் வாசலிலும்கூடப் பாதைக்கு 'நில்' பலகை வைத்தார்கள். விளைவு எதிர்பார்க்கக்கூடியதே: யாரும் நிற்பதில்லை. தேவையற்ற பத்துப் பலகைகளை மதிக்காமல் பழகியவர், உண்மையிலேயே ஆபத்தான பதினோராவதையும் மதிப்பதில்லை.

இதை அமெரிக்கக் கூட்டரசின் சாலைக் குறியீட்டுக் கையேடே ஒப்புக்கொள்கிறது. அதன் 2009 பதிப்பு, பாதைக்கும் சாலைக்கும் இடையில் முன்னுரிமையைத் தீர்மானிக்கும்போது வேகம், போக்குவரத்தின் அளவு, வழிகளின் முக்கியத்துவம் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்கிறது. வேகத்தை மட்டும் அளவுகோலாக்கக் கூடாது என்கிறது. கூட்டம் மிகுந்த பாதை, போக்குவரத்து குறைந்த தெருவைக் கடக்கும் இடத்தில் பாதைக்கே முன்னுரிமை தரலாம் என்கிறது. 'வழிவிடு' பலகை போதுமான இடத்தில் 'நில்' பலகை கூடாது என்பதும் அதில் உண்டு. கையேட்டில் இருக்கிறது, தெருவில் பல இடங்களில் பழைய பலகையே நிற்கிறது.

நிற்க மறுப்பதற்கு உடலியல் காரணம் ஒன்றையும் சைக்கிள் தரப்பு முன்வைப்பதுண்டு. பெர்க்லியின் இயற்பியல் பேராசிரியர் ஜோயல் ஃபாஜன்ஸ், மெலனி கரியுடன் சேர்ந்து 2001இல் எழுதிய கட்டுரை இந்த வாதத்தின் மூலம். மணிக்கு 5 மைலில் உருண்டு கடப்பவர், முழுதாக நின்று புறப்படுபவரைவிட 10 மைல் வேகத்தை மீண்டும் எட்ட 25 விழுக்காடு குறைந்த ஆற்றலே செலவிடுகிறார் என்று அவர்கள் காட்டினார்கள். இது சரியான கணக்கு. ஆனால் இதைத் திருப்பிப் படித்தால், பாதி வேகத்துக்குக் குறைத்தவுடனேயே முக்கால் பங்கு ஆற்றல் போய்விட்டது என்றும் பொருள். முழுதாக நிற்பதில் கூடுதலாக இழப்பது மீதமுள்ள கால் பங்குதான். கால் ஊன்றுவதும் சமநிலை இழப்பதும்தான் ஓட்டுபவரை உண்மையில் எரிச்சலூட்டுகின்றன என்று தோன்றுகிறது. ஆற்றல் கணக்கு அதற்குக் கொஞ்சம் கௌரவமான பெயர்.

இந்த வாதத்தின் சட்ட வடிவம், ஐடஹோ மாநிலம் 1982இல் செய்த மாற்றம். 'நில்' பலகையைச் சைக்கிள்காரர் 'வழிவிடு' பலகையாகக் கொள்ளலாம் என்றது அது. முப்பத்தைந்து ஆண்டுகள் ஏறக்குறைய தனியாகவே நின்ற அந்தச் சட்டத்தை, 2017இல் டெலவேர் ஒரு வடிவத்தில் ஏற்றது. 2020இல் ஆரிகனும் வாஷிங்டனும் பின்தொடர்ந்தன. வேகத்தைக் குறைத்து, பார்த்து, யாரும் வராதபோது மட்டும் கடப்பது என்ற நிபந்தனை எல்லாவற்றிலும் உண்டு. வீட்டுத் தெருக்களில் இது நன்றாகவே பொருந்தலாம். நெரிசலான பாதைச் சந்திப்பில் 'யாரும் வராதபோது' என்ற தருணமே அரிது என்பதால், அங்கே இந்தச் சட்டம் எதையும் தீர்த்துவைப்பதில்லை.

கையசைத்து அனுப்பும் கருணை

சட்டமும் பலகையும் குழப்பும்போது மனிதர்கள் தாமாக ஓர் ஏற்பாட்டுக்கு வருகிறார்கள். கார்காரர் நிறுத்தி, கையசைத்து, 'நீங்க போங்க' என்கிறார். இதைத்தான் பலரும் சாலை நாகரிகத்தின் உச்சம் என்று கருதுகிறார்கள். இந்தக் கேள்வியை ஆராய்ந்தவர்கள் மிகவும் அஞ்சுவதும் இதைத்தான்.

இரு தடங்கள் ஒரே திசையில் போகும் சாலையை எடுத்துக்கொள்வோம். ஓரத் தடத்தில் வந்தவர் நிறுத்திக் கையசைக்கிறார். அவருடைய காரே ஒரு திரையாகி, இரண்டாம் தடத்தில் வருபவரின் கண்ணிலிருந்து சைக்கிள்காரரை மறைத்துவிடுகிறது. நின்ற காரைத் தாண்டியதும் சைக்கிள்காரர் நேராக இரண்டாவது காரின் முன்னால் வருகிறார். பாதசாரி விபத்துகளை வகைப்படுத்திய அமெரிக்க ஆய்வாளர்கள் இதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். கடக்கும் கோட்டில் நிற்கும் வாகனத்தை முந்தக் கூடாது என்று பல மாநிலங்கள் தடை விதித்திருப்பதும் இதனால்தான். கையசைத்தவர் தன் தடத்துக்கு மட்டுமே அனுமதி தர முடியும். அடுத்த தடத்துக்கு அவரால் உத்தரவாதம் கொடுக்க இயலாது. கொடுத்ததாகச் சைக்கிள்காரர் நம்புவதே ஆபத்து.

வேகம் இதைக் கூட்டுகிறது. நடப்பவர் மூன்று விநாடியில் சுமார் நான்கு மீட்டர் போவார். மணிக்கு 24 கிலோமீட்டரில் வரும் சைக்கிள் அதே நேரத்தில் 20 மீட்டர் வந்துவிடும். கார்காரர் கடக்கும் இடத்தின் விளிம்பை மட்டும் பார்த்தால் பாதசாரி தென்படுவார். சைக்கிள்காரரைக் காண வேண்டுமானால் மரமும் வேலியும் மறைக்கும் பாதைக்குள் 20 மீட்டர் எட்டிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அவர் பார்ப்பதில்லை.

இதற்கு வலுவான சான்று ஃபின்லாந்திலிருந்து வருகிறது. மிக்கோ ரெசனன், ஹெய்க்கி சுமாலா இருவரும் நான்கு ஃபின்லாந்து நகரங்களில் நிகழ்ந்த 188 சைக்கிள்-கார் மோதல்களை ஆழமாக ஆராய்ந்து 1998இல் வெளியிட்டார்கள். 37 விழுக்காட்டில் இரு தரப்பும் ஆபத்தை உணரவேயில்லை. அதிகம் காணப்பட்ட வகை, வலப்பக்கம் திரும்பும் காரும் வலப்பக்கத்திலிருந்து பாதை வழியே வரும் சைக்கிளும். அங்கே மோதலுக்கு முன் சைக்கிளைக் கவனித்த ஓட்டுநர்கள் 11 விழுக்காடு மட்டுமே. சைக்கிள்காரர்களில் 68 விழுக்காட்டினர் காரைக் கவனித்திருந்தார்கள். கவனித்தவர்களில் 92 விழுக்காட்டினர், சட்டப்படி வழிவிட வேண்டிய கார் வழிவிடும் என்றே நம்பியிருந்தார்கள். வலப்பக்கம் திரும்புபவரின் கண், கார்கள் வரும் இடப்பக்கத்திலேயே இருக்கிறது. இதை மரியாதைக் குறைவு என்று சொல்வதைவிட, எதிர்பார்ப்பின் பிழை என்பதே பொருந்தும். ஒருவரை ஒருவர் காணாத இருவருக்கு இடையில் நாகரிகம் என்பதற்கு வேலையே இல்லை.

அனுபவமுள்ள பாதைப் பயனர்கள் கையசைப்பை மறுப்பது இதனால்தான். காலை ஊன்றி நின்று, கார்காரரைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்தால் அவர் கிளம்பிவிடுவார் என்பது அவர்கள் உத்தி. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது அலட்சியமாகத் தெரியும்.

நடப்பவர் பக்கத்திலிருந்து

பாதைக்குள் நடப்பவரோடு சந்திக்கும் இடத்தில் கருத்து வேறுபாடு குறைவு. வேகமும் எடையும் கூடியவர் பொறுப்பும் கூடியவர் என்பதை ஏறக்குறைய எல்லா விதித்தொகுப்புகளும் ஏற்கின்றன. மலைப்பாதைகளில் சைக்கிள் எல்லோருக்கும், நடப்பவர் குதிரைக்கும் வழிவிட வேண்டும் என்ற அமெரிக்க மரபு பழையது. கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்தில் பாதை வேகம் 15 மைல், பிறரைக் கடக்கும்போதும் கண்மறைவான வளைவிலும் 5 மைல் என்ற எல்லை உண்டு. பிரிட்டனின் நெடுஞ்சாலை விதித்தொகுப்பு 2022 ஜனவரியில் திருத்தப்பட்டபோது, பெரிய தீங்கு விளைவிக்கக் கூடியவருக்கே பெரிய பொறுப்பு என்ற படிநிலையை முதல் விதியாக வைத்தது.

வேறுபாடு எழுவது மணியில். பிரிட்டன் விதி, மணி அடித்தோ பணிவாகக் குரல் கொடுத்தோ நம் வரவைத் தெரிவிக்கச் சொல்கிறது. எதிரில் இருப்பவர் காது கேளாதவராகவோ பார்வையற்றவராகவோ இருக்கலாம் என்பதையும் நினைவூட்டுகிறது. அமெரிக்கப் பாதைகளில் 'உங்கள் இடப்பக்கம் வருகிறேன்' என்று கூவுவது வழக்கம். கேட்டவர் திடுக்கிட்டு இடப்பக்கமே நகர்ந்துவிடுவது அங்கே நெடுநாள் புகார். ஜப்பான் சட்டம் எதிர்த் திசையில் போகிறது. ஆபத்தைத் தவிர்க்க வேறு வழியில்லாதபோதன்றி மணி அடிப்பதே கூடாது. நடைபாதையில் சைக்கிளை 1970இல் அனுமதித்த நாடு அது. ஆனால் விருந்தினராக மட்டும். நடப்பவருக்கு இடையூறு வரும் என்றால் சைக்கிள்காரர் நிற்க வேண்டும், ஒதுங்கச் சொல்லி மணி அடிக்கக் கூடாது. கொள்கையளவில் ஜப்பானின் நிலைப்பாடே தெளிவானது. ஆனால் ஓசையில்லாமல் பின்னாலிருந்து உரசிப் போகும் சைக்கிளைவிட மணி மேல் என்று நினைக்கும் பாதசாரிகளும் உண்டு; அவர்களுக்கு இந்த விதியில் இடமில்லை.

சிங்கப்பூர்: பண்பிலிருந்து சட்டத்துக்கு

நாகரிகத்தை மட்டும் நம்பலாமா என்ற கேள்விக்குச் சிங்கப்பூர் ஓர் ஆய்வுக்கூடம். 1992இல் காலாங் ஆற்றோரம் தொடங்கிய பூங்கா இணைப்புப் பாதைகள் இன்று 300 கிலோமீட்டருக்கும் மேல் தீவெங்கும் நீள்கின்றன. அறிவுறுத்தல், நன்னடத்தை நெறி, பாதுகாப்பு வகுப்பு என்று தொடங்கிய நாடு, துடிப்பான நடமாட்டச் சட்டத்தை 2018 மே மாதம் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பகிர்வுப் பாதையில் மணிக்கு 25 கிலோமீட்டர், நடைபாதையில் 15 என்று வைத்தார்கள். 2019 பிப்ரவரியில் நடைபாதை எல்லை 10 ஆனது. அதே நாளிலிருந்து, சாலையைக் கடக்கும் முன் நின்று பார்க்க வேண்டும் என்பதும் சட்டமானது.

அதே ஆண்டு செப்டம்பரில் பிடோக்கில் மின்ஸ்கூட்டரோடு மோதிய சைக்கிளோட்டி, 65 வயதுப் பெண், இறந்தார். நவம்பர் 5 முதல் மின்ஸ்கூட்டர்கள் நடைபாதையிலிருந்து விலக்கப்பட்டன. 2025 ஜூலையிலிருந்து, பக்கத்திலேயே சைக்கிள் பாதை உள்ள இடங்களில் நடைபாதை நடப்பவருக்கு மட்டும் என்று ஆகியிருக்கிறது. பகிர்ந்துகொள்ளப் பழகுங்கள் என்று சொன்ன அரசு, படிப்படியாகப் பிரித்துவைப்பதை நோக்கி நகர்ந்ததாகவே இதைப் படிக்க முடிகிறது. இதில் பண்பின் தோல்வியைக் காண்பதா, பயன்பாடு பெருகியதன் இயல்பான விளைவைக் காண்பதா என்பது விவாதத்துக்குரியது. இடம் குறைந்த நாட்டில் எல்லாவற்றையும் பிரிக்கவும் முடியாது.

வடிவமைப்பாளர்களின் வாதம்

நெதர்லாந்துச் சிந்தனைப்பள்ளி, நாகரிகத்தைத் தரையில் வரைந்துவிடலாம் என்கிறது. வழிவிட வேண்டியவரின் பக்கம் 'சுறாப்பல்' எனப்படும் வெள்ளை முக்கோணங்கள். முன்னுரிமை உள்ள சைக்கிள் பாதையின் சிவப்புத் தளம் சாலையின் குறுக்கே தொடரும். யாரும் கையசைக்க வேண்டியதில்லை. அங்கும் ஒரே பதில் இல்லை என்பதுதான் சுவாரசியம். வழிகாட்டு நெறிப்படி, ஊருக்குள் இருக்கும் வட்டச் சந்திப்பில் சைக்கிளுக்கு முன்னுரிமை, ஊருக்கு வெளியே காருக்கு. வெறும் விபத்துக் கணக்கைப் பார்த்தால் சைக்கிள் காத்திருக்கும் வட்டங்களே பாதுகாப்பானவை என்று அந்நாட்டு ஆய்வுகள் சொல்லிவந்திருக்கின்றன. தெரிந்தே, சைக்கிள் பயணத்தை ஊக்குவிக்க ஊருக்குள் முன்னுரிமை தருகிறார்கள்.

அதே நாட்டின் ஹான்ஸ் மொண்டர்மன் நேர்மாறான வழியைச் சொன்னார். பலகைகளையும் கோடுகளையும் எடுத்துவிட்டால் மனிதர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வழிவிடுவார்கள் என்பது அவர் துணிபு. டிராக்டன் நகரின் லாவைப்ளைன் சந்திப்பு அதன் காட்சிப்பொருள். மெதுவான இடங்களில் இது வேலை செய்தது. ஆனால் முகம் பார்த்துத் தீர்மானிக்கும் ஏற்பாட்டில் முகம் பார்க்க இயலாதவர் என்ன செய்வார்? பிரிட்டனில் பார்வையற்றோர் எழுப்பிய இந்த எதிர்ப்பு வலுத்து, 2018இல் அத்தகைய பொதுவெளித் திட்டங்களை நிறுத்திவைக்க அரசு கேட்டுக்கொண்டது.

நடுவழியாகப் பலர் செய்வது: நெரிசல் மிக்க இடத்தில் மட்டும் பிரிப்பது. வாஷிங்டன் பல்கலைக்கழக வளாகத்தினூடே போகும் பர்க்-கில்மன் பகுதியில் நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் தனித்தனித் தடம் போட்டிருக்கிறார்கள். வர்ஜீனியாவில் பரபரப்பான சாலைகள் சிலவற்றின் மேல் பாலமே கட்டிவிட்டார்கள். பணமும் நிலமும் இருந்தால் இவை நல்ல தீர்வுகள். ஒரு பாலத்தின் செலவில் பத்துச் சந்திப்புகளை மேடாக்கி கார்களின் வேகத்தைக் குறைக்கலாம் என்ற எதிர்வாதத்தையும் புறந்தள்ள முடியாது.

எது தீர்ந்தது, எது தீரவில்லை

இத்தனை நிலைப்பாடுகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பொதுவான இழை தென்படுகிறது. முகம் பார்த்து வழிவிடுவது மெதுவான வேகத்தில் மட்டுமே நம்பத்தக்கது. அதற்கு மேல் போனால் யாருக்கு முன்னுரிமை என்பதைத் தரையும் பலகையும்தான் சொல்ல வேண்டும். எனவே சைக்கிள்காரரின் முதல் கடமை கையசைப்புக்கு நன்றி சொல்வதோ மணியடிப்பதோ அல்ல. கடக்கும் இடத்துக்கு முன்பே, பிறர் தன்னைக் கண்டு முடிவெடுக்கக் கூடிய வேகத்துக்கு இறங்கிவிடுவது. பல தடச் சாலையில் ஒவ்வொரு தடத்தையும் தனித்தனியே பார்த்துக் கடப்பது. இந்த அளவுக்கு ஆய்வுகளும் விதிகளும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன.

தீராதவை பல. பாதைக்கு முன்னுரிமை மாற்றித் தரப்பட்ட சந்திப்புகளில் விபத்து குறைந்ததா, கூடியதா என்பதற்கு ஊருக்கு ஊர் வெவ்வேறு விடை வரலாம்; நெதர்லாந்து வட்டங்களின் அனுபவம் எச்சரிக்கையாக இருக்கச் சொல்கிறது. அதிகம் பேர் சைக்கிள் ஓட்டும் இடங்களில் கார்காரர்கள் கூடுதல் கவனம் காட்டுகிறார்கள் என்ற, 2003இல் ஜேக்கப்ஸன் வெளியிட்ட கணக்கு பரவலாக மேற்கோள் காட்டப்படுகிறது. கூட்டம் கவனத்தைக் கொண்டுவந்ததா, நல்ல பாதை கூட்டத்தைக் கொண்டுவந்ததா என்பதை அந்தக் கணக்கு மட்டும் பிரித்துக் காட்டாது.

எல்லாவற்றுக்கும் மேல் மின்சைக்கிள். ஐரோப்பாவில் 25 கிலோமீட்டரோடு மோட்டாரின் உதவி நின்றுவிட வேண்டும்; அமெரிக்காவின் மூன்றாம் வகை மின்சைக்கிளுக்கு 28 மைல், அதாவது 45 கிலோமீட்டர் வரை உதவி உண்டு. அந்த வேகத்தில் மூன்று விநாடி என்பது 37 மீட்டர். வேலியை வெட்டிப் பார்வைத் தூரம் கூட்டுவதா, அந்த வண்டிகளைப் பாதையிலிருந்து விலக்குவதா என்பதைப் பாதைகளை நிர்வகிக்கும் அமைப்புகள் ஊருக்கொரு விதமாகத் தீர்மானித்துக்கொண்டிருக்கின்றன. பழைய ரயில் தடங்களின் பெரும்பாலான சந்திப்புகள் இந்த 37 மீட்டரைக் கணக்கில் கொண்டு அமைக்கப்பட்டவை அல்ல.